கண்ணால் கற்பவரா, கையால் கற்பவரா: பனியன் கம்பெனியில் பயிற்சி கொடுப்பவர்களுக்கு

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் பயிற்சிப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் கையில் இப்போது ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ‘ஒரு இடத்துக்கு வழி தெரிய வேண்டுமானால் படம் போட்டுக் காட்டச் சொல்வீர்களா, வாயால் சொல்லச் சொல்வீர்களா, எழுதித் தரச் சொல்வீர்களா, கூட வரச் சொல்வீர்களா’ என்கிற மாதிரிக் கேள்விகள். விடையைக் கூட்டிப் பார்த்து, இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர், இன்னொருவர் படித்து எழுதிக் கற்பவர், நான்காமவர் செய்து கற்பவர் என்று பிரித்துவிடுவார்கள். நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய ‘வார்க்’ முறைதான் இது. பதினாறு கேள்வி, பத்து நிமிட வேலை, ஃபைலில் போட்டால் ஆடிட்டுக்கும் அழகாக இருக்கும்.

கைமடியாக (டைலருக்குக் கை உதவியாக) உள்ளே வந்து, துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மெஷினில் டைலராகி, லைன் சூப்பர்வைசராக இருந்து, இப்போது பயிற்சி அறையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அந்தத் தாளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆளுக்கு ஆள் கற்கும் விதம் வேறுபடுவது எனக்குத் தெரியாமல் இல்லை. நேற்று ஒடிசாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய பெண்ணுக்கும், முத்தூரில் வீட்டோடு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தினால் இருவருமே வீணாகிப்போவார்கள். ஆனால் அந்த வேறுபாடு கண், காது, கை என்று பிரிவதில்லை. இந்த மாதிரி வகைப்பாடுகளைப் பற்றி பிரிட்டனில் 2004-இல் ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்தது. அதில் மட்டும் 71 விதமான வகைப்பாடுகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அத்தனை பேரும் மனிதர்களை வேறு வேறு மாதிரி கூறு போட்டிருக்கிறார்கள் என்றால் எந்தக் கூறை நம்புவது? 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் சேர்ந்து அதுவரை வந்த ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்தார்கள். ‘எனக்கு இப்படிச் சொன்னால் பிடிக்கும்’ என்று ஆளுக்கு ஒரு விருப்பம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த விருப்பத்துக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வருகிற, இழுபடும் பின்னல் பட்டை) ஏற்றுவதைக் காதால் கேட்டே யாராவது கற்றுக்கொள்ள முடியுமா?

முதலில் வேலையைப் பாருங்கள், பிறகு ஆளை

எதைப் பார்த்துக் கற்க வேண்டும், எதைத் தொட்டுக் கற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வேலைதான். அதனால் எந்த ஆப்பரேஷனைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலையில் தேர்ந்த டைலர் தான் செய்வது சரி என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறார்? கண்ணாலா, விரல் நுனியாலா, சத்தத்தாலா, அல்லது ஒரு விதியை ஞாபகம் வைத்திருப்பதாலா?

ரிப்பையே எடுத்துக்கொள்வோம். ரிப் வளையம் கழுத்துத் திறப்பைவிடச் சிறியது. அதனால் ஏற்றும்போது ரிப்பை இழுக்க வேண்டும். பாடித் துணியை, அதாவது பனியனின் உடல் பகுதியை, இழுக்கவே கூடாது. இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்றால் கழுத்து ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் அலை அலையாக நிற்கும். இதில் ‘கொஞ்சமா இழு கண்ணு’ என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் ‘கொஞ்சம்’ வார்த்தையில் அடங்காது.

நான் செய்வது இது. மெஷினை ஆஃப் செய்துவிடுவேன். ரிப் வளையத்தை நாலாக மடித்து நாலு இடத்தில் சாக் குறி வைப்போம். கழுத்தையும் முன் நடு, பின் நடு பார்த்து நாலாக மடித்துக் குறி வைப்போம். இங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன்: பக்கவாட்டுக் குறி சோல்டர் தையல் மேலேயே விழாது, கொஞ்சம் முன்னால் தள்ளி விழும், ஏனென்றால் முன் கழுத்து பின் கழுத்தைவிட நீளம். இதைச் சொல்லாமல் விட்டால் பத்தில் எட்டுப் பேர் சோல்டர் தையலையே கால் குறியாக எடுத்துக்கொள்வார்கள், பின் கழுத்தில் ரிப் தொய்ந்து நிற்கும். குறிக்குக் குறி சேர்த்துப் பிடித்ததும், பழகுகிறவரின் விரல்களை என் விரல்கள் மேல் லேசாக வைக்கச் சொல்லி, நான் இழுப்பேன். எவ்வளவு இழுப்பு என்று அவர் விரலுக்குத் தெரியும். அடுத்து அவர் இழுக்க, என் விரல் மேலே. அதற்கப்புறம்தான் பெடல். முதலில் நாலு குறி, கை பழகிய பிறகு முன்னும் பின்னும் இரண்டு குறி மட்டும், கடைசியில் குறியே இல்லாமல். பார்ப்பது, கேட்பது, தொடுவது மூன்றும் இதில் வந்துவிட்டது. யார் எந்த ‘வகை’ என்று கேட்கத் தேவையே இல்லை.

ஓவர்லாக்கில் நூல் கோப்பது வேறு மாதிரி. இது வரிசை ஞாபகம். நாலு நூல் மெஷின் என்றால் இரண்டு ஊசிக்கும் இரண்டு லூப்பருக்கும் (ஓரத்தைச் சுற்றி நூலைக் கொண்டுபோகிற கொக்கி) நாலு வேறு நிற நூல் போடுங்கள்; அந்தந்த நூல் போகிற வழியில் அதே நிறத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இதில் இன்னொரு லாபம், நூலின் டென்ஷன் (இறுக்கம்) பார்ப்பதையும் இங்கேயே கற்றுக்கொடுத்துவிடலாம். மேல் லூப்பருக்குச் சிவப்பு, கீழ் லூப்பருக்குப் பச்சை என்று வைத்தால், இரண்டும் துணி ஓரத்தில் சந்திக்க வேண்டும். துணியின் அடிப்பக்கம் சிவப்பு எட்டிப் பார்த்தால் மேல் லூப்பர் லூஸ், அல்லது கீழ் லூப்பர் டைட். வெள்ளை நூலில் மாதக்கணக்கில் புரியாதது நிறம் மாறியதும் புரிந்துவிடும்.

சத்தத்தால் தெரிய வேண்டியதும் உண்டு. முனை மழுங்கிய ஊசி பின்னல் துணியில் இறங்கும்போது ‘டப் டப்’ என்று தட்டும். அப்போது ஒன்றும் தெரியாது. துவைத்த பிறகு தையல் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழும். இதைப் போர்டில் எழுதிப் போட்டுப் பயனில்லை. ஒரு மெஷினில் மழுங்கிய ஊசியும் இன்னொன்றில் புது ஊசியும் போட்டு, பழகுகிறவர்களைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லி நான் மாற்றி மாற்றி ஓட்டுவேன். எது மழுங்கியது என்று சொல்ல வேண்டும். விளையாட்டு மாதிரிச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

ஊசி உடைந்தால் என்ன செய்வது என்பது விதி. மெஷினை நிறுத்து, இடத்தைவிட்டு நகராதே, கையைத் தூக்கு, எல்லாத் துண்டும் கிடைக்கிற வரை தேடு, துண்டுகளை ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டு, அப்புறம்தான் புது ஊசி. துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பண்டல் முழுக்க தனியாக எடுத்து வைக்க வேண்டும். இதைச் சுவரில் நாலு மொழியில் ஒட்டியிருப்போம். ஒட்டியதை யாரும் படிப்பதில்லை. எனவே நான் உடைந்த ஊசி ஒன்றைக் கையில் கொடுத்து, ‘உன்ற மெஷின்ல இப்ப ஒடஞ்சிருச்சு, என்ன பண்ணுவே, பண்ணிக் காட்டு’ என்பேன். ஒரு துண்டை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பேன். ‘எல்லாம் கெடச்சிருச்சுக்கா’ என்று சொல்கிறவரையும், துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து ‘முனை இல்லீங்களே’ என்கிறவரையும் அங்கேயே தெரிந்துவிடும்.

செக்கிங் முழுக்கக் கண் வேலை. ஆனால் டேமேஜ் போட்டோ ஆல்பத்தைக் காட்டுவதால் கண் பழகாது. நல்ல பீஸும் டேமேஜ் பீஸும் கலந்த ஒரு குவியலைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஊசி வரி, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போனது, ஓட்டை எல்லாம் கலந்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஓட்டையை மட்டும், மறுநாள் முழுக்கக் கறையை மட்டும் என்று வைத்தால் பயிற்சி அறையில் பிரமாதமாகச் செய்வார்கள், லைனுக்குப் போனதும் திணறுவார்கள்.

ஷேடு (துணிக்குத் துணி நிறம் ஒத்துப்போகிறதா என்று) பார்க்கிற வேலைக்கு ஆளைப் போடுவதற்கு முன் நிறம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளிப் படச் சோதனை இன்றும் எல்லாக் கண் மருத்துவமனையிலும் இருக்கிறது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் பெண்களைவிட ஆண்களில் அதிகம், பலருக்குத் தங்களுக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. அப்படி ஒரு பையனை, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற லைட் பாக்ஸ் முன்னால் நிறுத்தி ‘கவனமில்லாதவன்’ என்று திட்டுவது எவ்வளவு அநியாயம்!

ஆளிடம் பார்க்க வேண்டியவை

முதல் நாள் காலையில் பேச்சைக் குறைத்து, ஒரு மெஷின், கோடு போட்ட பேப்பர் இரண்டும் கொடுங்கள். சிங்கர் மெஷினில் (சாதாரண ஒற்றை ஊசி மெஷின்) நூல் கோக்காமல், நேர்கோடு, பிறகு வளைந்து வளைந்து போகிற கோடு, பிறகு சதுரம், பிறகு வட்டம். ஊசி கோட்டின் மேலேயே போக வேண்டும். (ஓவர்லாக்கில் பேப்பர் வேண்டாம், கத்தி மழுங்கும், மெக்கானிக் உங்களைத் திட்டுவார்.) பக்கத்தில் நின்று பாருங்கள். கேள்வித்தாள் சொல்லாததெல்லாம் அந்தப் பேப்பர் சொல்லும்.

வீட்டில் தைத்த அனுபவம் உள்ளவர் மூலைக்கு வந்ததும் தானாகவே ஊசியை இறக்கி வைத்து, ஃபுட்டைத் தூக்கிப் பேப்பரைத் திருப்புவார். அவருக்கு அடிப்படைப் பாடம் வேண்டாம். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து படிப்படியாகச் சொன்னால், தெரிந்ததோடு நீங்கள் சொல்வதை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே அவர் கவனம் போய்விடும்; சலிப்பும் வரும். முடித்த பீஸ் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘இது எப்படித் தைச்சிருக்கும்னு நீங்களே பாருங்கக்கா’ என்று விட்டுவிடுங்கள். அவரிடம் மாற்ற வேண்டியது இரண்டு பழக்கம்தான். மிதி மெஷினில் முன்னும் பின்னும் ஆடிய கால், இங்கே பெடலை அமுக்கிவிட்டு அளவாகப் பிடிக்க வேண்டும். காடாத் துணியையும் பாப்ளினையும் பின்னாலிருந்து இழுத்துத் தைத்த கை, பனியன் துணியை இழுக்காமல் விட வேண்டும். இந்த இரண்டும் புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம், எனவே பொறுமை இவருக்குத்தான் அதிகம் வேண்டும்.

மெஷினையே தொட்டுப் பார்க்காதவருக்கு நேர் எதிர். வேகத்தைக் கண்டு பயம். ஓவர்லாக் நிமிடத்துக்கு 5000 தையலுக்கு மேல் ஓடக்கூடியது. பெடலில் கால் பட்டதும் துணி பிடுங்கிக்கொண்டு போனால் யாருக்கும் நடுக்கம் வரும். சர்வோ மோட்டார் என்றால் உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கலாம். மெக்கானிக்கிடம் சொல்லிப் பாதிக்கும் கீழே வைத்துக்கொள்ளுங்கள், கை சேரச் சேர ஏற்றிக்கொள்ளலாம். இவருக்குப் படிப்படியாகத்தான் போக வேண்டும். ‘நீயே கண்டுபிடி’ என்றால் உட்கார்ந்து அழுவார்.

பேப்பரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறாரா, ஊசி கோக்க நாலைந்து முறை ஆகிறதா என்று பாருங்கள். ‘மந்தமானவர்’ என்று பெயர் வாங்குகிற பலருக்குத் தேவைப்படுவது கண்ணாடி. இடது கைப் பழக்கம் உள்ளவரை உங்கள் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் எதிரில் உட்கார வைத்துக் காட்டுங்கள், கை வேலைகள் அவருக்குக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரிச் சரியாக அமையும். மற்ற எல்லோருக்கும் நீங்கள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், எதிரில் நின்றால் வலது இடது குழம்பும். போனில் வீடியோ எடுத்தாலும் அப்படித்தான், டைலரின் தோளுக்கு மேலிருந்து கை மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு ஆப்பரேஷனுக்கு அரை நிமிடம் போதும். பின்னணியில் பாட்டு வேண்டாம்.

எழுத்தும் எண்ணும் தனி விஷயம். இஞ்ச் டேப்பில் சென்டிமீட்டர் பக்கம் படிக்கத் தெரியாமல், தெரிந்த மாதிரித் தலையாட்டுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். ‘படிக்கத் தெரியுமா’ என்று பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். டேப்பைக் கொடுத்து ஸ்லீவ் நீளம் அளந்து வரச் சொல்லுங்கள்.

மொழிக்கு என் வழி சுலபம். இந்தி தெரிந்த சூப்பர்வைசரைக் கூப்பிடுவதில்லை. போன மாதம் இதே அறையில் பழகிப் போன அதே ஊர்ப் பெண்ணைக் கூப்பிடுகிறேன். எங்கே குழப்பம் வரும் என்று அவளுக்குத்தான் புதுசாக ஞாபகம் இருக்கும். அவளிடம் கேட்க வெட்கமும் இருக்காது. நீங்களும் ‘தீரே’, ‘ருகோ’, ‘திகாவோ’ என்று மெதுவாக, நிறுத்து, காட்டு ஆகிய மூன்றையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷின், நீடில், பாபின், பண்டல் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

சொல்லிக்கொடுக்கும் வரிசை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு, ஆலைகளுக்குப் புதிதாக வந்து குவிந்த ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஒரு திட்டம் நடத்தியது. டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்பார்கள். போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டா வரை பரவியது. அதில் நாலு படி: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய வை, பிறகு போய்ப் பார். பழைய சங்கதிதான், ஆனால் நம் லைனுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

அதிலும் செய்து காட்டுவதை ஒரே தடவையில் முடிக்கக் கூடாது. முதல் தடவை படிகளை மட்டும் சொல்லிக்கொண்டு செய்யுங்கள். இரண்டாம் தடவை ஒவ்வொரு படியிலும் எதில் கவனம் வேண்டும் என்று சொல்லிச் செய்யுங்கள். மூன்றாம் தடவை ஏன் என்று காரணம் சொல்லுங்கள். சோல்டர் அட்டாச் பண்ணும்போது டேப் வைக்கிறோம் என்றால், ‘டேப் வை’ முதல் தடவை, ‘டேப்பை இழுக்காம வை’ இரண்டாம் தடவை, ‘டேப் இல்லேன்னா சோல்டர் தொங்கிப்போகும், டேப்பை இழுத்தா சுருங்கிப்போகும்’ மூன்றாம் தடவை. மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் ஒன்றும் நிற்காது.

அவர் செய்யும்போது அவரையே சொல்லச் சொல்லுங்கள். முதலில் வாய் திறக்காமல் செய்யட்டும், பிறகு படியைச் சொல்லிக்கொண்டு, பிறகு காரணத்தையும் சேர்த்து. எந்த மொழியில் சொன்னாலும் சரி. ‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சம்பளம் போய்விடும் என்ற பயம் உள்ளவர் இன்னும் வேகமாகச் சொல்வார்.

மறப்பதற்கும் இடம் விட வேண்டும். மறதி எப்படி ஏறுகிறது என்று ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதிவிட்டார். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இடையில் பார்க்காமல் ஞாபகப்படுத்தி எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். அதனால் திங்கள்கிழமை நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தால், புதன்கிழமை மறுபடி பாடம் எடுக்காதீர்கள். நூலை உருவிவிட்டு, ஸ்டிக்கர் இல்லாத மெஷினில் உட்கார வைத்துக் கோக்கச் சொல்லுங்கள். திணறட்டும். ஒரு நிமிடம் பொறுத்துப் பிறகு கை கொடுங்கள். அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு தடவை.

நோட்டில் எழுத வேண்டியது

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் வகை எழுதாதீர்கள், எங்கே சிக்குகிறது என்று எழுதுங்கள். என் நோட்டில் இப்படி இருக்கும்: ‘பாட்டம் பேட்லாக் (பனியனின் கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பது) மடிப்பு நன்றாக வருகிறது, சைடு தையல் மேல் ஏறும்போது வேகம் குறைப்பதில்லை.’ ‘ரிப்பில் கடைசிக் கால் பாகத்தில் மட்டும் இழுப்பு அதிகம்.’ ‘சென்டிமீட்டர் தெரியாது, தனியாகச் சொல்லிக்கொடுக்க.’ ஆளை லைனுக்கு அனுப்பும்போது அந்தப் பக்கத்தை சூப்பர்வைசரிடம் படித்துக் காட்டுங்கள். ‘பார்த்துக் கற்பவர்’ என்று எழுதிக் கொடுத்தால் அவர் அதை வைத்து என்ன செய்வார்?

கடைசியாக நிர்வாகத்திடம் நீங்கள் சண்டை போட்டாவது வாங்க வேண்டியது ஒன்று உண்டு. புது ஆளைச் சீனியர் டைலர் பக்கத்தில் உட்கார வைத்து ‘சொல்லிக்கொடுங்க’ என்று போய்விடுவது நம் ஊர் வழக்கம். சீனியர் பீஸ் ரேட்டில், அதாவது தைக்கிற பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவராக, இருப்பார். சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் காசு நஷ்டம். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அது அவர் குணத்தால் இல்லை. சொல்லிக்கொடுக்கிற நாட்களுக்கு அவருடைய வழக்கமான வருமானத்துக்குக் குறையாமல் ஷிப்ட் சம்பளம் எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள், எந்த ஆப்பரேஷன் என்று முன்கூட்டியே பேசி வைத்து, சனிக்கிழமைச் சம்பளத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினால் அவர் இரண்டாவது ஆளை ஏற்றுக்கொள்ள மாட்டார்.